அருணாசலம் காட்டிய வரிசை



சென்ற தவணையில் எங்கள் கல்லூரி உயர்தர வகுப்பில் ஒரு விவாத அரங்கு நடைபெற்றது. 'நாட்டின் வலிமை எது?' என்பது தலைப்பு. படைபலமே என்றான் ஒரு மாணவன். செல்வமே என்றான் மற்றவன். நடுவராக இருந்த எனக்குச் சேர் பொன்னம்பலம் அருணாசலத்தின் வாழ்வில் ஐந்தே ஐந்து ஆண்டுகள் நினைவில் எழுந்தன. அவற்றையே இன்று உங்கள் முன் வைக்கிறேன்.

1853இல் பிறந்த அருணாசலம் கேம்பிரிட்ஜிற் கற்றவர். திறந்த போட்டிப் பரீட்சை மூலம் இலங்கைச் சிவில் சேவையிற் சேர்ந்த முதல் இலங்கையரும் அவரே. பதிவாளர் நாயகமாகப் பணியாற்றினார். 1901ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பை முன்னின்று நடத்தினார். நாட்டு மக்களைத் தலைக்கணக்கு எடுத்தவருக்கு, அந்தக் கணக்கின் பின்னே கிடந்த வறுமை புலப்படாமற் போகுமா?

1913இல் ஓய்வு பெற்றார். அதன்பின் அவர் செய்தவற்றின் வரிசையைக் கவனியுங்கள். 1915இல் இலங்கைச் சமூக சேவைக் கழகத்தை அமைத்து, நகர்ப்புற ஏழைகளின் கல்விக்கும் நலனுக்கும் வழி தேடினார். 1917இல் 'நமது அரசியல் தேவைகள்' என்ற புகழ்பெற்ற உரையை ஆற்றினார். அதிகாரமெல்லாம் தேசாதிபதியிடம் குவிந்திருந்த காலத்தில், மக்கள் தெரிந்தெடுத்த பிரதிநிதிகள் வேண்டும் என்று வாதிட்டார். 1919 நடுப்பகுதியில் தொழிலாளர் நலன்புரிக் கழகம் தோன்றியது. அவ்வாண்டு டிசம்பரிலேதான் இலங்கைத் தேசிய காங்கிரஸ் பிறந்தது. அதன் முதற் தலைவரும் அவரே.

முதலில் ஏழை, பின்பு தொழிலாளி, கடைசியிலேயே தலைமைப் பதவி. அவருடைய அரசியற் கொள்கை முழுவதும் இந்த வரிசைக்குள் அடங்கிவிடுகிறது என்பேன்.

தொழிலாளர் கழகத்தின் நோக்கம் என்ன? 1865ஆம் ஆண்டுச் சட்டப்படி, முன்னறிவித்தல் இன்றித் தோட்டத்தை விட்டு நீங்கிய தொழிலாளியைச் சிறையில் இடலாம். ஒப்பந்த மீறலைக் குற்றமாக்கிய இந்த அநீதியை ஒழிக்க அவர் போராடினார். 1920களின் தொடக்கத்தில் அத்தண்டனை நீங்கியது. தமக்கு வாக்களிக்க முடியாத மக்களுக்காக ஒரு தலைவர் குரல் கொடுத்தாரே, அதுவன்றோ குடிமைக் கடமை!

ஆனால் வரலாறு இனிப்பாகவே முடிவதில்லை. மேல் மாகாணத்தில் தமிழருக்கு ஓர் ஆசனம் என்று தலைவர்கள் அளித்த வாக்குறுதி காக்கப்படாமையால், 1921இல் தாம் வளர்த்த காங்கிரசை விட்டே அவர் வெளியேறினார். 1924இல் மறைந்தார். யாருக்காக அவர் வாதாடினாரோ அம்மலையக மக்களிற் பெரும்பாலோர், சுதந்திரம் கிடைத்த 1948ஆம் ஆண்டிலேயே குடியுரிமை இழந்தனர். எஞ்சியோருக்கு அது கிட்ட 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை காத்திருக்க நேர்ந்தது. கொடுத்த சொல்லும் கொடுக்கவேண்டிய நீதியும் தவறியபோது நாடு எத்துணை மெலிந்தது என்பதை நம் தலைமுறை தன் உடம்பிலேயே அறிந்திருக்கிறது.

விவாதத்தின் முடிவில் இரு மாணவருக்கும் நான் வெற்றி கொடுக்கவில்லை. "தம்பிமாரே, சட்டத்தின் பாரம் யாருடைய தோளில் அதிகம் அழுத்துகிறதோ அவரைப் போய்ப் பாருங்கள். நாட்டின் வலிமை அங்கே தெரியும்" என்றேன். வகுப்பு சற்று நேரம் பேசாதிருந்தது.