திரிங்காப் குளிரில் வியர்த்தவள்

திரிங்காப்பில் விடிகாலையில் ஸ்வெட்டர் இல்லாமல் யாரும் வெளியே வரமாட்டார்கள். கொழுந்து பறிக்கும் என் அம்மா மட்டும் வியர்த்து நிற்பார். "ஒடம்பெல்லாம் எரியுதுமா" என்பார். வயது ஐம்பது, தீட்டு நின்ற புதிது. டவுன் கிளினிக்கில் கொடுத்த ஹார்மோன் மாத்திரையில் தூக்கம் திரும்பியது.

இந்த மாத்திரையின் கதையே ஏற்றமும் இறக்கமும்தான். 1966இல் அமெரிக்க மருத்துவர் ராபர்ட் வில்சன் ஈஸ்ட்ரோஜனை இளமை மருந்தாகவே புகழ்ந்து புத்தகம் எழுதினார். 1975இல், அதைத் தனியாக எடுத்தவர்களுக்குக் கருப்பை உட்சுவரில் புற்றுநோய் கூடுவதை ஆய்வுகள் காட்டின. அதைத் தடுக்கப் புரோஜெஸ்டினையும் சேர்த்துக் கொடுத்தார்கள். 2002 ஜூலையில், அந்தக் கூட்டு மாத்திரையை 16,608 பெண்களிடம் சோதித்த 'விமன்ஸ் ஹெல்த் இனிஷியேட்டிவ்' ஆய்வு பாதியில் நின்றது. காரணம் மார்பகப் புற்றுநோய் என்று செய்தி வந்தது. "வேணாம்மா, நிறுத்திடுங்க" என்றேன்.

கூடியது, ஆண்டுக்குப் பத்தாயிரம் பேரில் 8 பேருக்கு. பக்கவாதமும் அதே அளவு கூடியது. இடுப்பெலும்பு முறிவு 5 குறைந்தது. ஆய்வில் இருந்தவர்களின் சராசரி வயதோ 63. அறுபதுக்குள், தீட்டு நின்று பத்தாண்டுக்குள் தொடங்கினால், மார்பகப் புற்றுநோய், ரத்தக்கட்டு போன்றவை வந்திராத பெரும்பாலோருக்கு நன்மையே அதிகம் என்று பின்னர் மருத்துவ அமைப்புகள் தெளிவுபடுத்தின. பயம் மலையேறி வந்த வேகத்தில் அந்தத் தெளிவு வரவில்லை.

இப்போது எனக்கு ஐம்பது. அம்மாவிடம் இதைச் சொன்னேன். "அப்பவே தெரிஞ்சிருந்தா கொஞ்சம் தூங்கியிருப்பேன்" என்றார்.