கார்பன் சீட்டு முதல் கியூஆர் அட்டை வரை

அட்டை வழிப் பணப்பட்டுவாடா தொடங்கிய காலத்தில், கடைக்காரருக்குக் கையெழுத்திட்ட சீட்டுதான் பணம். 1950இல் நியூயார்க்கில் தோன்றிய டைனர்ஸ் கிளப், உணவகங்கள் அனுப்பிய சீட்டுகளைப் பார்த்துத் தன் தரகைக் கழித்துக்கொண்டு காசு கொடுத்தது. 1958இல் பேங்க் ஆஃப் அமெரிக்கா கலிஃபோர்னியாவின் ஃப்ரெஸ்னோ நகரில் சுமார் 60,000 பேருக்கு அட்டைகளை அஞ்சலில் அனுப்பியபோதும் முறை அதுவே.

பிளாஸ்டிக் அட்டைகளில் எண்கள் புடைத்து நின்றது அழகுக்காக அல்ல. கையால் இழுக்கும் அச்சுப்பொறியில் அட்டையை வைத்து, மேலே கார்பன் சீட்டை விரித்து, பிடியை ஒரு முறை இழுத்தால் எண் பதியும். ஒரு நகல் வாடிக்கையாளருக்கு, ஒன்று கடைக்கு, ஒன்று வங்கிக்கு. அச்சு மங்கினாலோ சீட்டு தொலைந்தாலோ நட்டம் கடைக்காரருடையது. திருட்டு அட்டைகளின் எண்கள் அச்சிட்ட கையேட்டையும் அவர் புரட்ட வேண்டும். தொகை குறிப்பிட்ட வரம்பைத் தாண்டினால் தொலைபேசியில் ஒப்புதல் பெற வேண்டும். வங்கி செய்யவேண்டிய சரிபார்ப்பில் பாதி கல்லாவில்தான் நடந்தது.

மின்னணுக் கருவிகள் வந்ததும் கையேடு மறைந்தது, சீட்டு மறையவில்லை. வெப்பத்தாளில் அச்சான எழுத்து சில மாதங்களில் வெளிறிப்போகும் என்பதால், விவரமறிந்தவர்கள் அதை நகலெடுத்துக் கோப்பில் வைத்தார்கள்.

2016இல் இந்தியாவில் கைபேசி வழியே பணம் அனுப்பும் யுபிஐ முறை வந்தபின் கடைக்காரர் கையில் தாளே இல்லை. குறுஞ்செய்தியும் 12 இலக்கக் குறிப்பு எண்ணும்தான் சான்று. போலி ஸ்கிரீன்ஷாட்டைக் காட்டி ஏமாற்றுவோர் பெருக, வரவைக் குரலில் சொல்லும் ஒலிபெருக்கி கல்லாவுக்கு வந்தது. கடைகளில் கைபேசியால் படிக்கும் கியூஆர் அட்டையிலும், பணப்பட்டுவாடா நிறுவனத்துக்கொரு தனி முறை புதிதாகக் கூடாதென்று ரிசர்வ் வங்கி 2020இல் உத்தரவிட்டது.

பணம் வந்த வழிக்கு வரிக்கணக்கிலும் மதிப்பு ஏறியது. 2017 முதல், உத்தேச வருமான முறையில் வரி கட்டும் சிறு வணிகர்களுக்கு ரொக்க விற்பனையில் 8 சதவீதமும் மின்னணு வரவில் 6 சதவீதமும் இலாபமாகக் கொள்ளப்பட்டது. பதிவு தானாகவே சேர்கிறது என்ற நம்பிக்கையில் பலர் நாள்வழி எழுதுவதை விட்டிருந்தார்கள். 2025 ஜூலையில் கர்நாடக வணிகவரித் துறை யுபிஐ வரவுகளை வைத்துச் சிறு கடைகளுக்கு நோட்டீஸ் அனுப்பியபோது அதன் விளைவு தெரிந்தது. பொருள் விற்போரின் ஆண்டு விற்பனை 40 இலட்சம் ரூபாயைத் தாண்டினால் ஜிஎஸ்டி பதிவு கட்டாயம் என்பது அப்போதைய வரம்பு. ஆனால் உறவினர் அனுப்பிய பணமும் கைமாற்றும் விற்பனையோடு ஒரே கணக்கில் கலந்திருந்தன. பிரித்துக்காட்ட வேண்டிய பொறுப்பு கடைக்காரர் தலையில் விழுந்தது. பெங்களூரில் பல கடைகள் கியூஆர் அட்டையைக் கழற்றிவிட்டு ரொக்கம் மட்டும் என்று எழுதி ஒட்டின. ஜிஎஸ்டியில் பதிவு செய்துகொண்டால் பழைய நிலுவையை வசூலிப்பதில்லை என்று மாநில அரசு பின்னர் அறிவித்தது.