கம்பி வளைத்த கரங்கள்

பல்வைத்திய மாணவன் சத்திரசிகிச்சைக்கு எப்போது ஆயத்தமாகத் தொடங்குகிறான்? வறஸ்ராட் கசஞ்சியன் என்பவரின் வரலாறு இதற்கு விடை கூறும்.

1879ஆம் ஆண்டு ஒற்றோமன் பேரரசிலே ஆர்மீனியக் குடியிற் பிறந்த அவர், 1895இல் அமெரிக்கா சென்று, வூஸ்ரர் நகரின் கம்பித் தொழிற்சாலையொன்றில் உழைத்தார். பின்னர் ஹாவார்ட் பல்வைத்தியக் கல்லூரியிற் பயின்று 1905இல் பட்டம் பெற்றார். கம்பியை வளைத்துப் பழகிய கரங்கள், முறிந்த தாடைகளைக் கம்பியாற் பிணைத்துப் பொருத்தும் வித்தையிலே தேர்ந்தன.

முதலாம் உலகப்போர் மூண்டது. 1915இல் பிரான்சுக்குச் சென்ற அவரிடம், தாடை சிதைந்த போர்வீரர் பலர் கொண்டுவரப்பட்டனர். அவர்களுக்கு மீண்டும் முகம் கொடுத்துப் பெரும் புகழ் ஈட்டினார்.

அப்புகழோடு அவர் அமைந்துவிடவில்லை. நாற்பது வயதளவில் மீண்டும் மாணவராகி, 1921இல் மருத்துவப் பட்டமும் பெற்றார். இளமையிற் கைகளைப் பழக்கியவர், முதுமை நெருங்கியும் கல்வியைக் கைவிட்டாரல்லர்.