கூரை இருந்தும் வீடற்றவர்: 2009 பர்மிங்காம் தீர்ப்பின் மறுவாசிப்பு

இங்கிலாந்தின் தற்காலிகத் தங்குமிடங்கள் குறித்த ஆய்வுகளில் ஒரு சாரார், அப்போது இறுதி மேல்முறையீட்டு நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் அவையின் 2009 ஜூலைத் தீர்ப்பை உள்ளாட்சி மன்றங்களுக்குக் கிடைத்த கால அவகாசமாகவே வாசித்துவருகின்றனர். இட நெருக்கடியில் வாழ்ந்த பெரிய குடும்பங்களை வீடற்றோர் என்று பர்மிங்காம் நகர மன்றம் ஏற்றது. ஏற்ற பின்னும் அதே வீட்டிலேயே காத்திருக்க வைத்தது. உடனே இடம் மாற்றவில்லை என்பதாலேயே அது சட்டமீறல் ஆகிவிடாது என்றது தீர்ப்பு. ஆகவே கடமை உண்டு, ஆனால் கெடு இல்லை என்று அவ்வாய்வுகள் முடிக்கின்றன. இம்முடிவு தீர்ப்பின் ஒரு பாதியை மட்டும் படித்ததால் வந்தது என்பது என் வாதம்.

மறுபாதி மான்செஸ்டரைச் சேர்ந்தது. பெண்களுக்கான அடைக்கல இல்லத்திலிருந்து, நடத்தையைக் காரணம் காட்டி வெளியேற்றப்பட்ட ஒரு தாய், வீட்டைத் தானே இழந்துகொண்டவர் என்று மன்றம் தீர்மானித்தது. பிரபுக்கள் அவை அதை ஏற்கவில்லை. அடைக்கல இல்லம் ஒருவர் காலவரையின்றி வாழத்தக்க இடமன்று. எனவே அங்கு இருந்தபோதும் அவர் வீடற்றவரே. இல்லாத வீட்டை அவர் இழந்திருக்க முடியாது. இப்பகுதியைக் குடும்ப வன்முறை பற்றிய தனிப்பொருளாக ஒதுக்கிவைப்பது வழக்கமாகிவிட்டது. ஆனால் இரு வழக்குகளும் ஒன்றாக விசாரிக்கப்பட்டவை. இரண்டும் நின்றது 1996 வீட்டுவசதிச் சட்டத்தின் 175(3) பிரிவின் மீது: ஓரிடத்தில் தொடர்ந்து குடியிருப்பது ஒருவருக்கு நியாயமா? நீதிபதி சீமாட்டி ஹேலின் விளக்கப்படி இக்கேள்வி இன்றைய இரவோடு நிற்பதன்று. வரும் காலத்தையும் சேர்த்தே எடைபோட வேண்டும்.

இரு பாதிகளையும் சேர்த்துப் படித்தால் பர்மிங்காம் பகுதியின் பொருள் மாறுகிறது. பொருத்தப்பாட்டில் படிகள் உண்டு என்று அங்கே சொல்லப்படுகிறது: குறுகிய காலத்துக்குப் பொருந்தும் இடம் இடைக்காலத்துக்குப் பொருந்தாமல் போகலாம், இடைக்காலத்துக்குப் பொருந்துவது நெடுங்காலத்துக்குப் பொருந்தாமல் போகலாம். இதை அவகாசம் என்று எப்படிப் படிக்க முடியும்? கைக்குழந்தையோடு ஒற்றை அறையில் குடியேறிய குடும்பம், அந்தக் குழந்தை எழுதிப் படிக்கும் வயதிலும் அங்கேயே இருந்தால், சுவரில் ஒரு கீறலும் புதிதாக விழாமலே அந்த அறை சட்டத்தின் முன் தகுதி இழக்கக்கூடும். தங்குமிடத்தின் பொருத்தத்தைத் தொடர்ந்து பரிசீலிக்கும் பொறுப்பு மன்றத்துடையது என்று அரசின் வழிகாட்டு நெறிமுறையும் கூறுகிறது. அதாவது தீர்ப்பு கெடுவை நீக்கவில்லை. பொருத்தம் என்ற அளவைக்குள்ளேயே அதை வைத்துவிட்டது.

கெடு என்றால் எண் வேண்டாமா என்று கேட்கலாம். எண் உள்ள விதி ஒன்று ஏற்கெனவே உண்டு. பிள்ளைகள் உள்ள குடும்பங்களை, காலை உணவுடன் அறை தரும் பி அண்ட் பி விடுதிகளில் 6 வாரங்களுக்கு மேல் வைக்கலாகாது என்பது 2004 ஏப்ரல் முதல் நடப்பில் உள்ளது. ஆனால் மன்றமே நடத்தும் விடுதிகள் அந்த வரையறைக்குள் வருவதில்லை. சமையலறையையும் குளியலறையையும் அங்கேயும் பிறரோடு பகிர்ந்துகொள்ளத்தான் வேண்டும். உரிமையாளர் வேறு என்பதால் மட்டும் நாள்கணக்கு நின்றுவிடுகிறது. பொருத்தப்பாட்டின் படிகளுக்கு இத்தகைய விலக்கு கிடையாது என்பதால் அவற்றையே வலிமையான காப்பாகக் கருதுகிறேன். அவை குடும்பம் குடும்பமாக வழக்காடி நிலைநாட்டப்பட வேண்டியவை என்பது உண்மை. அது சட்ட உதவி பற்றிய வாதமே அன்றி, தீர்ப்பின் பொருள் பற்றியதன்று.

வீடுகளே இல்லாதபோது நீதிமன்றம் என்ன செய்யும் என்ற மறுப்புக்கு நீண்ட பதில் தேவையில்லை. 2024 மார்ச் 31 அன்று தற்காலிகத் தங்குமிடங்களில் இருந்த குடும்பங்கள் 1,17,450. தட்டுப்பாட்டை யாரும் மறுக்கவில்லை. ஆயினும் 2023 நவம்பரில், லண்டனின் கிராய்டன் மன்றத்துக்கு எதிரான வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது: பணமோ வீடோ போதாது என்பது கடமையைக் கரைத்துவிடாது, உடனே நிறைவேற்றும்படி ஆணையிடலாகாது என்று வாதிடும் மன்றம், தான் எடுத்த முயற்சிகளை விவரமாக விளக்கிக் காட்ட வேண்டும்.

பொருத்தம் என்ற இந்த அளவையை, மன்றம் தன் கடமையிலிருந்து வெளியேறும் வாசலிலும் வைத்துப் பார்க்க வேண்டும். 2012 நவம்பரில் நடப்புக்கு வந்த மாற்றம், குறைந்தது 12 மாதத் தனியார் வாடகை ஒப்பந்தம் ஒன்றைத் தந்தே, வீடற்றோருக்கு இடம் தரும் தன் முதன்மைக் கடமையை முடித்துக்கொள்ள மன்றத்துக்கு வழிவிட்டது. மன்ற வீடு கிடைக்கும் என்று ஆண்டுக்கணக்கில் காத்திருந்த தாய், பொருத்தமான அந்த ஒப்பந்தத்தை மறுத்தாலும் கடமை முடிந்துவிடும். ஏற்றுக்கொண்டே மறுபரிசீலனையும் கோரலாம் என்பதை அறியாமல் பலர் மறுத்துவிடுகிறார்கள். நெஞ்சை அறுக்கும் இழப்பு இது. அந்த 12 மாதம் நிலையான குடியிருப்பு ஆகுமா? 1996 சட்டத்தில் அப்போது சேர்ந்த 195ஏ பிரிவைப் பாருங்கள்: அப்படிப் போனவர் தம் குற்றமின்றி மீண்டும் வீடிழந்து 2 ஆண்டுகளுக்குள் விண்ணப்பித்தால், அவருக்கு முன்னுரிமைத் தேவை இருக்கிறதா என்று பாராமலே முதன்மைக் கடமை மீண்டும் எழும் என்று அது வகுத்தது. தான் திறந்துவிட்ட வாசலின் உறுதியில் நாடாளுமன்றத்துக்கே நம்பிக்கை இருக்கவில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று அச்சட்டத்துக்குள் இல்லை.