மஞ்சள் பெட்டி நிறைந்த பின்

பிராமணரல்லாதாரின் உரிமைக் குரலாக 1916-ஆம் ஆண்டில் சென்னையில் தோன்றிய தென்னிந்திய நல உரிமைச் சங்கம், தன் பத்திரிகையின் பெயராலேயே ஜஸ்டிஸ் கட்சி என்றும் நீதிக்கட்சி என்றும் ஜனங்களால் அழைக்கப்பட்டு, இரட்டையாட்சியின் பதினேழு ஆண்டுகளில் பதின்மூன்று ஆண்டு அதிகாரத்தில் இருந்த வரலாற்றைச் சென்ற அத்தியாயங்களில் கண்டோம். அந்தக் கட்சி எவ்வாறு வீழ்ந்தது, வீழ்ந்த பின் அதற்கு என்ன கதி நேர்ந்தது என்பதை இந்த வாரம் காண்போம்.

1937-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதத்தில், எழுத்தறியாத வாக்காளரும் தம் மனத்துக்குகந்த கட்சியை அடையாளம் கண்டுகொள்ளும் பொருட்டு, சென்னை மாகாணத்து வாக்குச் சாவடிகளில் வெவ்வேறு வர்ணம் பூசிய பெட்டிகள் வைக்கப்பட்டிருந்தன. காங்கிரஸுக்கு உரியது மஞ்சள் பெட்டி. காந்தியடிகளின் திருநாமத்தையும் மஞ்சள் பெட்டியையும் சேர்த்துச் சொல்வதே அந்தக் கட்சியின் தேர்தல் மந்திரமாக இருந்தது. வாக்குகளை எண்ணி முடித்தபோது, 215 ஸ்தானங்கள் கொண்ட சட்டசபையில் 159 ஸ்தானங்கள் காங்கிரஸைச் சேர்ந்திருந்தன; நீதிக்கட்சிக்குக் கிடைத்தவையோ ஏறத்தாழ இருபதே. பிரதம மந்திரியாக இருந்த பொப்பிலி ராஜா, தம் முன்னோர் ஆண்ட பொப்பிலியிலேயே, தொழிலாளர் தலைவராகிய வி.வி.கிரியிடம் தோற்றார்.

இந்தத் தோல்விக்குக் காந்தியடிகளின் செல்வாக்கு ஒன்றையே காரணமாகச் சொல்லி அமைந்துவிடுவது, நீதிக்கட்சிக்கும் நியாயமாகாது, சரித்திரத்துக்கும் நியாயமாகாது. அந்தக் கட்சி செய்த நன்மைகள் சிறியனவல்ல. பெண்களுக்கு வாக்குரிமை தந்த முதல் மாகாணமாகச் சென்னை 1921-இல் விளங்கியதும், அரசாங்க உத்தியோகங்களில் எல்லா வகுப்பாருக்கும் இடமளிக்கும் வகுப்புவாரி உத்தரவு அதே ஆண்டில் பிறந்ததும், ஆலயச் சொத்துக்களைக் கண்காணிக்க அறநிலையச் சட்டம் வந்ததும் அதன் ஆட்சிக் காலத்தில்தான். 1920-இல் வெற்றி பெற்ற நாளில் முதல் மந்திரி பதவி தம்மைத் தேடி வந்தபோதும் அதை வேண்டாமென்று ஒதுக்கிய பிட்டி தியாகராயச் செட்டியாரைப் போன்ற பெரியோர், அந்தக் கட்சியைத் தம் சொந்தப் பொருளாலும் உழைப்பாலும் வளர்த்தார்கள்.

ஆனால், டாக்டர் டி.எம்.நாயர் 1919-இலும், தியாகராயர் 1925-இலும், பானகல் அரசர் 1928-இலும் மறைந்த பின், கட்சியின் தலைமை மெல்ல மெல்ல ஜமீன்தார்களின் மாளிகைகளுக்குள் ஒடுங்கியது. 1932-இல் முனுசாமி நாயுடுவை இறக்கிவிட்டுப் பொப்பிலி ராஜா பதவியேறிய உட்பூசல், அந்த ஒடுக்கத்தின் வெளிப்படையான அடையாளம். உலகப் பொருளாதார மந்தத்தால் விளைபொருள்களின் விலை சரிந்து, நிலவரியைக் குறைக்குமாறு குடியானவர்கள் முறையிட்டுக்கொண்டிருந்த அதே காலத்தில், மந்திரிகள் மாதம் நாலாயிரம் ரூபாய்க்கு மேல் சம்பளம் பெற்றுவந்தார்கள். 1935-ஆம் ஆண்டுச் சட்டம் வாக்காளர் தொகையைப் பல மடங்கு பெருக்கியபோது, கட்சியின் பெயரால் அந்தப் புதிய வாக்காளனின் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து பேசுவதற்கு ஆளில்லை. சாமானியருக்காகத் தோன்றிய ஸ்தாபனம், சாமானியருக்கு முகம் தெரியாத ஸ்தாபனமாகிவிட்டதே அதன் வீழ்ச்சிக்கு மூலகாரணம் என்பது என் துணிபு.

தோற்ற பின், பதவியை நாடி வந்தவர்கள் பதவியோடு போனார்கள். கட்சிக் காரியாலயங்கள் களையிழந்தன. அந்த வேளையில், ராஜாஜியின் காங்கிரஸ் மந்திரிசபை 1938-இல் பள்ளிகளில் இந்தியைக் கட்டாயப் பாடமாக்கியது, எதிர்பாராத ஒரு திருப்பத்தை உண்டாக்கியது. கட்டாய இந்தியை எதிர்த்து, அவ்வாண்டு ஆகஸ்டில் திருச்சியிலிருந்து புறப்பட்ட தொண்டர் படையொன்று, வழியில் ஊர் தோறும் கூட்டம் போட்டுப் பேசிக்கொண்டு, கால்நடையாகவே நடந்து செப்டம்பரில் சென்னையை அடைந்தது. மூவலூர் இராமாமிர்தம் அம்மையாரும் அந்தப் படையுடன் நடந்தார். ஆயிரத்துக்கு மேற்பட்டவர்கள் சிறை புகுந்தார்கள்; அவர்களுள் கைக்குழந்தையுடன் சென்ற தாய்மாரும் உண்டு. நீதிக்கட்சியின் மோட்டார் வண்டிகள் போய்ச் சேராத கிராமங்களுக்கு இந்தத் தொண்டர்களின் பாதங்கள் போய்ச் சேர்ந்தன.

அந்த ஆண்டு டிசம்பர் 29-ஆம் தேதி சென்னையில் கூடிய நீதிக்கட்சி மகாநாடு, தனக்குத் தலைவராகத் தேர்ந்துகொண்டவர் அந்த மண்டபத்தில் இல்லை. இந்தி எதிர்ப்பின் காரணமாகத் தண்டனை பெற்றுச் சிறையில் இருந்தார் ஈ.வெ.ராமசாமிப் பெரியார். அவருடைய தலைமையுரையை, முன்னாள் மந்திரியாகிய சர் ஏ.டி.பன்னீர்செல்வம் அவைக்குப் படித்துக் காட்டினார். ராஜாக்களும் மிட்டாதார்களும் வீற்றிருந்து பழகிய ஒரு கட்சி, தன் தலைமை ஸ்தானத்தை ஒரு கைதிக்கு அளித்துவிட்டு, அவருடைய சொல்லை இன்னொருவர் வாயிலாகக் கேட்டுக்கொண்டிருந்த அந்தக் காட்சியை எண்ணும்போதெல்லாம், ஒரு கட்சியின் மறுபிறப்பை நேரில் கண்டாற்போல் என் உள்ளம் நெகிழ்கிறது. 1940 பிப்ரவரியில் கட்டாய இந்தி கைவிடப்பட்டது. அடுத்த மாதமே, லண்டனுக்குப் புறப்பட்ட பன்னீர்செல்வம் விமான விபத்தில் மாண்டது, அந்தக் கட்சிக்கு நேர்ந்த ஈடு செய்யவொண்ணாத நஷ்டம்.

மறுபிறப்பு பூரணமானது 1944-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 27-ஆம் தேதி, சேலத்தில் கூடிய கட்சி மகாநாட்டில். சி.என்.அண்ணாதுரை கொண்டுவந்த தீர்மானங்கள், அங்கத்தினர்கள் சர், திவான் பகதூர், ராவ் பகதூர் முதலிய சர்க்கார் பட்டங்களைத் துறக்க வேண்டும், கௌரவ உத்தியோகங்களை ராஜீநாமாச் செய்ய வேண்டும், பெயரின் பின்னுள்ள ஜாதிப் பட்டத்தை நீக்க வேண்டும், தேர்தல்களில் நிற்கலாகாது என்று விதித்தன. கட்சியின் பெயரும் திராவிடர் கழகம் என்றாயிற்று. ஆயுள் முழுதும் கட்சிக்கு உழைத்த முதியவர்களுக்கு இது கசந்திருக்கும் என்பதில் வியப்பில்லை. பி.டி.ராஜன் முதலியோர் பழைய பெயரையும் பழைய வழியையும் விடாமல் தனித்து நின்றார்கள். அவர்களுடைய விசுவாசத்தை நான் குறைத்து மதிப்பிடமாட்டேன்.

ஆனால் விசுவாசம் வேறு, வருங்காலம் வேறு. தோல்வியுற்ற கட்சி தன் பெயரையும் கொடியையும் பழைய நாற்காலிகளையும் காப்பாற்றிக்கொள்வதால் பிழைத்துவிடுவதில்லை. தான் யாருக்காகத் தோன்றியதோ அவர்களிடம் திரும்பிப் போவதற்கு எதையெல்லாம் துறக்க வேண்டுமோ, அதையெல்லாம் துறக்கத் துணிந்தால்தான் அதற்கு மறுவாழ்வு உண்டு. எந்த நாட்டில், எந்தக் கொள்கையுடைய கட்சி தோற்றாலும், அதன் தொண்டர்கள் முதலில் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி இதுவே என்று நான் கருதுகிறேன்.

சேலத்துக்குப் பின் நடந்தவை இந்தத் தீர்ப்புக்குச் சான்று. 1952-ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் நீதிக்கட்சியின் பெயரால் சட்டசபைக்கு வந்தவர், கம்பம் தொகுதியில் வென்ற பி.டி.ராஜன் ஒருவரே. சேலத்தில் பிரிந்த மற்றொரு கிளையாகிய திராவிடர் கழகத்திலிருந்து 1949-இல் கிளைத்த திராவிட முன்னேற்றக் கழகம், 1957-இல் 15 ஸ்தானங்களையும், 1962-இல் 50 ஸ்தானங்களையும் பெற்று, மஞ்சள் பெட்டி நிறைந்த அந்த நாளிலிருந்து சரியாக முப்பது ஆண்டுகள் கழித்து, 1967-இல் காங்கிரஸைத் தோற்கடித்து ஆட்சியில் அமர்ந்தது.