மடிக்கணினியின் சூடும் மின்னழுத்தத்தின் வரலாறும்



சென்ற வாரம் பள்ளி முடிந்து கிளம்பும் நேரத்தில் பெற்றோர் ஒருவர் துணிப்பையில் ஒரு பழைய மடிக்கணினியை எடுத்து வந்தார். அரை மணி நேரத்தில் அடுப்புபோல் கொதிக்கிறது, மகளின் பாடக் காணொலி திக்கித் திக்கி ஓடுகிறது, கடையில் கேட்டால் புதிது வாங்கச் சொல்கிறார்கள் என்றார். மூன்று பிள்ளைகள் பகிர்ந்து கொள்ளும் ஒரே கணினி அது. "சார், இதற்கு வேறு வழியே இல்லையா?" என்று அவர் கேட்டபோது என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. ஒரு வழி இருந்தது. அது ஒரு காலத்தில் திறந்து கிடந்தது, பின்னர் மூடப்பட்டது, மீண்டும் திறந்து, மீண்டும் மூடப்பட்டது. அந்த வரலாற்றைத்தான் இன்று எழுதுகிறேன்.

முதலில் சிறிது அறிவியல். கணினியின் செயலி இயங்கும்போது செலவாகும் மின்திறன், அதன் வேகத்திற்கு நேர்விகிதத்தில் உயரும்; ஆனால் மின்னழுத்தத்தின் இருமடிக்கு ஏற்ப உயரும். ஐந்தாம் ஆண்டு மாணவனுக்கும் இதை விளக்கிவிடலாம். வேகத்தைப் பாதியாக்கினால் செலவு பாதியாகும். மின்னழுத்தத்தைப் பாதியாக்கினாலோ கால் பங்காகும். செலவாகும் மின்திறன் அத்தனையும் இறுதியில் வெப்பமாகத்தான் வெளியேறுகிறது. ஆகவே சூட்டைத் தணிக்க நினைப்பவன் முதலில் கை வைக்க வேண்டிய இடம் மின்னழுத்தமே.

இதைத் தொழிற்சாலைகள் நெடுங்காலமாகவே அறிந்திருந்தன. ஐ.பி.எம். நிறுவனத்தின் ராபர்ட் டென்னார்டும் அவருடைய சகாக்களும் 1974இல் ஒரு கட்டுரை வெளியிட்டனர். டிரான்சிஸ்டரைச் சிறிதாக்கும்போது மின்னழுத்தத்தையும் அதே அளவில் குறைத்தால், எத்தனை கோடி டிரான்சிஸ்டர்களை அடுக்கினாலும் ஒரு சதுர மில்லிமீட்டரில் எழும் வெப்பம் கூடாது என்பது அதன் சாரம். 1993இல் வந்த முதல் பென்டியம் செயலிகள் 5 வோல்ட்டில் இயங்கி, சூட்டுக்குப் பெயர் வாங்கின. மறு ஆண்டே 3.3 வோல்ட்டில் அடுத்த வகை வந்தது. பிறகு படிப்படியாக ஒரு வோல்ட்டை நெருங்கியதும் இறக்கம் நின்றது. டிரான்சிஸ்டர்கள் மிகச் சிறியனவாகி, அணைத்து வைத்தாலும் மின்சாரம் கசியத் தொடங்கியது. 2004 பிப்ரவரியில் இன்டெல் வெளியிட்ட 'பிரெஸ்காட்' பென்டியம் 4 அந்தக் கசிவுக்கு நல்ல சான்று. அதற்கு அடுத்ததாகத் திட்டமிட்டிருந்த 'தேஜாஸ்' செயலியை அதே ஆண்டு மே மாதத்தில் இன்டெல் கைவிட்டது.

இந்தக் கதை நமக்கு மிகத் தூரத்துக் கதையுமன்று. இன்டெல் தன் முதல் வெளிநாட்டுத் தொழிற்சாலையை 1972இல் பினாங்கில்தான் திறந்தது. 1975இல் அது தீயில் எரிந்து, மறுபடியும் எழுந்தது. நம் மேசைமேல் சூடேறும் சில்லுகளில் பல, மலேசியக் கைகளைத் தொட்டு வந்தவையே.

மடிக்கணினியில் மின்னழுத்தம் ஏறி இறங்கத் தொடங்கியது 2000ஆம் ஆண்டு ஜனவரியில். அம்மாதம் இன்டெல் 'ஸ்பீட்ஸ்டெப்' என்ற நுட்பத்தைக் கொண்டுவந்தது. மின்செருகியில் இருக்கும்போது 650 மெகாஹெர்ட்ஸ், 1.6 வோல்ட், மின்கலத்தில் ஓடும்போது 500 மெகாஹெர்ட்ஸ், 1.35 வோல்ட். மேலே சொன்ன கணக்கைப் போட்டுப் பாருங்கள். வேகம் கால் பங்குக்கும் குறைவாகவே குறைகிறது. மின்செலவோ ஏறக்குறைய பாதியாகிறது. டிரான்ஸ்மெட்டா என்ற சிறு நிறுவனம் அதே மாதத்தில் 'குரூசோ' செயலியை அறிமுகம் செய்து, இன்னும் நுணுக்கமாக இதையே செய்தது. ஏ.எம்.டி.யும் அதே ஆண்டில் தன் 'பவர்நவ்' நுட்பத்துடன் வந்து சேர்ந்தது.

நம் நாட்டுத் தமிழ்ப்பள்ளிகளுக்கு மடிக்கணினி பரவலாக வந்ததும் இதையொட்டிய காலத்தில்தான். 2003இல் கணிதத்தையும் அறிவியலையும் ஆங்கிலத்தில் கற்பிக்கும் கொள்கை நடைமுறைக்கு வந்தபோது, அப்பாட ஆசிரியர்களுக்குக் கல்வி அமைச்சு மடிக்கணினிகளையும் ஒளிப்படக் காட்டிகளையும் வழங்கியது. அக்கொள்கையைப் பற்றி எனக்குள்ள கருத்தை எழுதினால் இந்தப் பதிவு வேறு திசையில் போய்விடும். ஆனால் பத்து பாகாட்டின் பிற்பகலில், 33 பாகை வெப்பத்தில், இரண்டு மின்விசிறிகள் சுழலும் வகுப்பறையில் கணினியைப் பயன்படுத்துவது எப்படிப்பட்டது என்பதை நாங்கள் அப்போது கற்றுக்கொண்டோம். குளிர்சாதன அறையில் சோதிக்கப்பட்ட இயந்திரத்திற்கு இங்கே மூச்சு முட்டும்.

அதே 2003ஆம் ஆண்டு மார்ச்சில் 'பென்டியம் எம்' வெளிவந்தது. இஸ்ரேலின் ஹைஃபா நகரில், மடிக்கணினிக்கென்றே வடிவமைக்கப்பட்ட செயலி அது. அதன் 1.6 கிகாஹெர்ட்ஸ் வகை முழு வேகத்தில் 1.484 வோல்ட்டும், 600 மெகாஹெர்ட்ஸில் 0.956 வோல்ட்டும் எடுத்துக்கொண்டது. இடைப்பட்ட வேகங்கள் ஒவ்வொன்றுக்கும் ஒரு மின்னழுத்தம் பட்டியலில் இருந்தது. அந்தப் பட்டியலைப் பயனர் மாற்றி எழுத முடியும் என்று சில ஆர்வலர்கள் கண்டுகொண்டபோதுதான் நம் கதையின் முதல் கதவு திறந்தது.

ஏன் மாற்ற வேண்டும்? ஒரே சிலிக்கான் தகட்டில் பிறந்த சில்லுகளும் அண்ணன் தம்பிகளைப் போலத்தான்; குணம் ஒன்றாக இராது. ஒன்றுக்கு 1.1 வோல்ட்டே போதும், இன்னொன்றுக்கு 1.4 வேண்டும். உற்பத்தியாளரோ மிக மோசமான சில்லு, மிக வெப்பமான நாள், பல ஆண்டுத் தேய்மானம் யாவற்றையும் எண்ணித் தாராளமாக ஓர் அளவை வைத்துவிடுகிறார். அந்தத் தாராளத்தில் ஒரு பகுதி, நல்ல சில்லு வாய்த்தவருக்கு வீண் சூடு.

ரஷ்யர்கள் உருவாக்கிய 'ஆர்.எம்.கிளாக்' என்ற சிறு மென்பொருளை 2006இல் நான் முதன்முதலாகப் பயன்படுத்தினேன். பழையதாக வாங்கிய ஒரு பென்டியம் எம் மடிக்கணினி. 1.484 வோல்ட்டிலிருந்து ஒரு படிக்கு 0.016 வோல்ட்டாக இறங்கினேன். ஒவ்வொரு படியிலும் 'பிரைம்95' என்ற மென்பொருளை அரை மணி நேரம் ஓட விட்டேன். மெர்சேன் பகா எண்களைத் தேடுவதற்காக எழுதப்பட்ட மென்பொருள் அது. விடையில் சிறு பிசகு நேர்ந்தாலும் உடனே காட்டிக்கொடுத்துவிடும் என்பதால் உலகெங்கும் கணினிகளைச் சோதிக்கப் பயன்பட்டது. கணித ஆசிரியனாகிய எனக்கு அதில் ஒரு தனி மகிழ்ச்சி. 1.132 வோல்ட்டில் கணக்குப் பிசகியது. மூன்று படி மேலேறி 1.180இல் நிறுத்திக்கொண்டேன். வேகத்தில் ஒரு துளியும் குறையாமல், அதன் மின்செலவு கணக்குப்படி 37 விழுக்காடு குறைந்தது. ஓயாது இரைந்து கொண்டிருந்த விசிறி அடங்கியது. அன்றிரவு வீட்டில் சுவர்க்கடிகாரத்தின் ஓசை கேட்டது இன்னும் நினைவிருக்கிறது.

ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். மின்னழுத்தத்தைக் குறைப்பதால் சில்லு கெடாது. ஆனால் அளவு மீறிக் குறைத்தால் கணக்கு தவறும். தவறான கணக்கு கோப்பில் எழுதப்பட்டால் கோப்பு கெடும். தேர்வு மதிப்பெண்கள் உள்ள கணினியில் விளையாட்டாகச் செய்யத் தக்கதன்று.

முதல் கதவு ஓசையின்றி மூடியது. 2010 வாக்கில் மடிக்கணினிகளில் பரவிய கோர் ஐ வகைச் செயலிகள் தம் மின்னழுத்தத்தைத் தாமே முடிவு செய்தன. பழைய மென்பொருள்களின் பட்டியல் அவற்றிடம் செல்லவில்லை. 2013இல் 'ஹாஸ்வெல்' தலைமுறையோடு வேறொரு வாசல் திறந்தது. செயலி கேட்கும் அளவிலிருந்து இத்தனை மில்லிவோல்ட் கழித்துக் கொடு என்று சொல்ல முடிந்தது. 'திராட்டில்ஸ்டாப்' என்ற மென்பொருள் இதற்காகவே பெயர் பெற்றது. 80 மில்லிவோல்ட் கழிப்பது பலருக்குக் கைகூடியது. ஒரு வோல்ட்டில் அது ஏறக்குறைய 15 விழுக்காட்டு மின்செலவு.

2020 மார்ச் 18இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கியபோது, அலமாரியில் கிடந்த கணினிகளெல்லாம் வெளியே வந்தன. 2016இல் வாங்கிய என் மடிக்கணினியும் இயங்கலை வகுப்பில் தத்தளித்தது. 80 மில்லிவோல்ட் கழித்தேன். 97 பாகையைத் தொட்ட சூடு 85க்கு இறங்கியது. என் குரல் மாணவர்களுக்கு வெட்டுப்படாமல் சென்றது. சில வாரங்கள் கழித்து, தயாரிப்பாளர் அனுப்பிய பயாஸ் புதுப்பிப்பு ஒன்றை நல்லது என்றெண்ணி நிறுவினேன். மறுநாள் சூடு பழையபடி ஏறியது. எந்த அறிவிப்பும் இல்லை. எண்ணை மாற்றினால் இயந்திரம் ஏற்க மறுத்தது.

காரணத்தைத் தேடிப் படித்தேன். 2019 டிசம்பர் 10இல் பர்மிங்காம் பல்கலைக்கழகம், கிராஸ் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம், லூவன் பல்கலைக்கழகம் ஆகியவற்றின் ஆய்வாளர்கள் 'பிளண்டர்வோல்ட்' என்ற தாக்குதலை வெளியிட்டிருந்தனர். இன்டெல் செயலிகளுக்குள் 'எஸ்.ஜி.எக்ஸ்.' என்ற பூட்டிய அறை ஒன்று உண்டு. அந்த அறைக்குள் கணக்கு நடக்கும் நொடியில் வெளியிலிருந்து மின்னழுத்தத்தைச் சட்டென்று இறக்கினால் பெருக்கல் தவறுகிறது. தவறிய விடையைக் கொண்டு உள்ளிருக்கும் இரகசியச் சாவியைக் கண்டுபிடித்துவிடலாம். பிரைம்95 எனக்குக் காட்டிய அதே பிசகுதான்! அங்கே அது ஆயுதமாகிவிட்டது. பல தயாரிப்பாளர்கள் அதற்குப் பிறகு பயாஸ் வழியாக அந்த வாசலையே பூட்டினர்.

அவர்கள் பூட்டியது தவறு என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அத்தாக்குதலைச் செய்யக் கணினியின் நிர்வாக உரிமை முழுவதும் கையில் இருக்க வேண்டும். பாடம் நடத்தும் ஓர் ஆசிரியரின் இயந்திரத்தில் எஸ்.ஜி.எக்ஸ். காக்க வேண்டிய பொருள் என்ன இருந்தது? பூட்டை வைத்தவர்கள், விரும்புகிறவர் திறந்துகொள்ள ஒரு தெரிவையாவது விட்டிருக்கலாம். 11ஆம் தலைமுறை முதல் சாதாரணப் பயனருக்கான கோர் செயலிகளில் எஸ்.ஜி.எக்ஸ். கைவிடப்பட்டது என்பதையும் இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும். காக்கப்பட்ட அறை போய்விட்டது; அதற்காகப் பூட்டப்பட்ட பழைய கணினிகள் பூட்டியபடியே இருக்கின்றன.

அந்தப் பெற்றோர் கொண்டு வந்ததும் அதே காலத்துக் கணினிதான். கோர் ஐ5 6200யு. பயாஸ் பூட்டியிருந்தது. சனிக்கிழமை பின்மூடியைத் திறந்தேன். வெப்பம் வெளியேறும் செதில்களில் தூசி கம்பளிபோல் படிந்திருந்தது. தூரிகையால் நீக்கி, காய்ந்து போன வெப்பப் பசையைத் துடைத்துப் புதிதாகத் தடவினேன். பிறகு விண்டோஸின் மின்திட்ட அமைப்பில் அதிகபட்சச் செயலி நிலையை 100இலிருந்து 99 விழுக்காடாக்கினேன். அந்த ஒரு விழுக்காடு செயலியை 2.8 கிகாஹெர்ட்ஸுக்குத் தாவ விடாமல் 2.3இல் நிறுத்திவிடும், வேகம் குறைவதால் மின்னழுத்தமும் தானே இறங்கும். இரண்டு மணி நேரம் காணொலி ஓட விட்டேன். 71 பாகை. திங்கட்கிழமை காலை, பள்ளி வாயிலில் அவரிடம் ஒப்படைத்தேன்.