குழந்தையின் பாக்கெட்டில் என்ன இருக்கிறது? மலைப்பயண அவசரப் பையின் சிறு வரலாறு

குடும்பத்தோடு மலையேறப் போகிறவர்கள் எடுத்துப்போகும் அவசரப் பைக்கும் ஒரு வரலாறு உண்டு. கடையில் விற்கிற பை ஒன்றைத் திறந்து பாருங்கள். விசில், வெள்ளி மாதிரி பளபளக்கும் ஒரு போர்வை, தீப்பெட்டி, கட்டுத்துணி என்று பத்துப் பதினைந்து பொருள் இருக்கும். இதெல்லாம் ஒரே ஆள் ஒரே நாளில் யோசித்து வைத்தது இல்லை. ஒவ்வொன்றும் ஒவ்வொரு காலத்தில், ஒவ்வொரு காரணத்துக்காக உள்ளே வந்தது. சிலது வெளியேயும் போச்சு. கொஞ்ச நாளாக இதைப் பற்றிக் குறிப்பு எடுத்து வருகிறேன். எடுக்க எடுக்க ஒரு கேள்விதான் பெரிதாகத் தெரிகிறது: இந்தப் பை யார் முதுகில் இருக்கிறது?

பட்டியலில் இருந்தே ஆரம்பிப்போம். அமெரிக்காவின் சியாட்டிலில் 1906-ல் தொடங்கிய மலையேறிகள் சங்கம் 'தி மவுண்டனியர்ஸ்'. புதிதாக மலையேறக் கற்க வருபவர்களுக்கு அவர்கள் நடத்திய வகுப்புகளில், 1930-களிலேயே 'பத்து அவசியப் பொருட்கள்' என்ற பேச்சு வந்துவிட்டது. அவர்களுடைய 'மவுண்டனியரிங்: த ஃப்ரீடம் ஆஃப் த ஹில்ஸ்' என்ற பாடநூல் 1960-ல் வெளிவந்தாலும், பட்டியலாக அச்சேறியது 1974-ல் வந்த மூன்றாம் பதிப்பில்தான். வரைபடம், திசைகாட்டி, வெயில் கண்ணாடியும் வெயில் தடுப்புக் களிம்பும், கூடுதல் உடை, நெற்றி விளக்கு, முதலுதவிப் பொருட்கள், தீமூட்டி, தீக்குச்சி, கத்தி, கூடுதல் உணவு. இவ்வளவுதான்.

கவனித்தீர்களா? தண்ணீர் இல்லை. ஒதுங்க ஒரு கூரையும் இல்லை. பனியும் ஓடையும் நிறைந்த மலைகளில் ஏறியவர்களுக்குத் தண்ணீரைத் தனியாக எழுதத் தோன்றாமல் போயிருக்கலாம் என்பது என் ஊகம். எந்தப் பட்டியலிலும் அதை எழுதியவரின் ஊர் ஒளிந்திருக்கும். 2003-ல் வந்த ஏழாம் பதிப்பு இந்தக் குறையைச் சரிசெய்தது. தனித்தனிப் பொருளாகச் சொல்லாமல், வழி அறிதல், வெளிச்சம், நெருப்பு, நீர், அவசர ஒதுங்கிடம் என்று பத்துத் தேவைகளாக மாற்றி எழுதினார்கள். பட்டியலுக்குப் பின்னால் இருப்பது இரண்டே கேள்விகள். ஒரு விபத்து நடந்தால் உன்னால் சமாளிக்க முடியுமா? எதிர்பாராமல் ஒரு ராத்திரி வெளியே தங்க நேர்ந்தால் உயிரோடு இருப்பாயா?

வெளியே போனவற்றில் எனக்கு முக்கியமாகப் படுவது பாம்புக்கடி லேன்செட். இதற்கு நம் ஊர்த் தொடர்பு உண்டு. இந்தியாவில் பணியாற்றி, இந்தியப் பாம்புகளைப் பற்றி 1872-ல் பெரிய நூல் எழுதிய ஜோசஃப் ஃபேரர், லாடர் பிரண்டன் என்ற மருத்துவர் ஆகியோர் 1904-ல் வெளியிட்ட ஆய்வின் அடிப்படையில், 'லாடர் பிரண்டன் லேன்செட்' என்ற சின்னக் கருவி பரவலானது. மர உறையின் ஒரு முனையில் கத்தி, மறுமுனையில் பொட்டாசியம் பெர்மாங்கனேட் தூள். கடிபட்ட இடத்தைக் கீறி, தூளைத் தேய்க்க வேண்டும். பிறகு வந்த அமெரிக்கப் பைகளில் கீறி உறிஞ்சுவதற்கான ரப்பர்க் குப்பிகள் இருந்தன. இன்று மருத்துவர்கள் கீறாதே, உறிஞ்சாதே, இறுக்கிக் கட்டாதே, கடிபட்ட இடத்தை அசைக்காமல் சீக்கிரம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு வா என்கிறார்கள். பழைய பை எங்காவது வீட்டில் கிடந்தால், முதலில் தூக்கிப்போட வேண்டியது இந்தச் சமாச்சாரத்தைத்தான்.

உள்ளே வந்தவற்றில் புகழ் பெற்றது அந்த வெள்ளிப் போர்வை. 1960-களில் அமெரிக்க விண்வெளித் திட்டத்துக்காக வளர்ந்த தொழில்நுட்பம் அது. மெல்லிய பிளாஸ்டிக் தாளின் மேல் அலுமினியப் பூச்சு. மடித்தால் சட்டைப் பைக்குள் அடங்கிவிடும். உடலிலிருந்து கதிர்வீச்சாக வெளியேறும் வெப்பத்தை அது திருப்பி அனுப்பும். ஆனா ஈரமான தரையில் உட்கார்ந்தால் தரை உறிஞ்சும் வெப்பத்தை அதனால் தடுக்க முடியாது. அடியில் சருகோ பையோ போட்டுத்தான் உட்கார வேண்டும்.

இதுவரை சொன்னது எல்லாமே வளர்ந்த ஆட்களை மனதில் வைத்து உருவானவை. குடும்பமாகப் போகும்போது நடப்பது வேறு. பை அப்பா முதுகில் இருக்கும். காணாமல் போவது குழந்தை.

1981 பிப்ரவரியில் தெற்குக் கலிஃபோர்னியாவின் பலோமர் மலையில் இதுதான் நடந்தது. பெரிய தொலைநோக்கி இருக்கிற அதே மலை. குடும்பத்தோடு வந்திருந்த 9 வயதுச் சிறுவன் ஒருவன், சகோதரர்களோடு நடந்துகொண்டிருந்தபோது பிரிந்துபோனான். நூற்றுக்கணக்கானோர் தேடினார்கள். நான்காம் நாள் அவன் உடல்தான் கிடைத்தது. குளிரில் உடல் வெப்பம் இழந்து இறந்திருந்தான்.

தேடியவர்களில் ஏப் டெய்லர் என்பவரும் ஒருவர். அமெரிக்க எல்லைக் காவலில் பணியாற்றியவர், காலடித் தடம் பார்த்து ஆளைக் கண்டுபிடிப்பதில் பேர்போனவர். அந்தச் சாவுக்குப் பிறகு அவரும் சிலரும் சேர்ந்து பள்ளிக் குழந்தைகளுக்காக ஒரு பாடத்தை உருவாக்கினார்கள். பெயர் 'ஹக் எ ட்ரீ', அதாவது மரத்தைக் கட்டிக்கொள். அதில் குழந்தை சுமக்கச் சொன்ன பொருட்கள் இரண்டே இரண்டு: ஒரு விசில், ஒரு பெரிய குப்பைப் பை.

மரம் எதுக்கு? இருந்த இடத்திலேயே இருக்க வைப்பதற்கு. கட்டிக்கொள்ள, பேச ஏதோ ஒன்று இருந்தால் பயம் கொஞ்சம் அடங்கும். பயத்தில் ஓடுவதுதான் ஆபத்து. நானே ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். குழந்தை மணிக்கு 2 கிலோமீட்டர் நடப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். எந்தத் திசை என்று தெரியாததால் ஒரு வட்டம் முழுக்கத் தேடியாக வேண்டும். ஒரு மணி நேரத்தில் அந்த வட்டத்தின் பரப்பு சுமார் 12.5 சதுர கிலோமீட்டர். மூன்று மணி நேரத்தில் 113. நேரம் மூன்று மடங்கு, தேட வேண்டிய காடு ஒன்பது மடங்கு!

குப்பைப் பை மழைக்கோட்டு, காற்றுத் தடுப்பு இரண்டும்தான். முகம் வெளியே தெரிகிற மாதிரி ஓட்டையைப் பெரியவர்களே முன்கூட்டி வெட்டிக் கொடுத்துவிட வேண்டும். ஓட்டையில்லாத பையைக் குழந்தை தலையில் போட்டுக்கொண்டால் மூச்சு முட்டும். பளிச்சென்ற நிறமாக இருந்தால் தேடுபவர் கண்ணிலும் படும். விசிலுக்கும் தனிக் கதை உண்டு. 1894-ல் கிளிண்டன் டென்ட் என்ற ஆங்கில மலையேறி ஒரு சைகை முறையை முன்வைத்தார்: நிமிடத்துக்கு ஆறு முறை, பிறகு ஒரு நிமிடம் இடைவெளி; பதில் நிமிடத்துக்கு மூன்று முறை. ஐரோப்பிய மலைகளில் இன்றும் அதுதான். வட அமெரிக்காவில் மூன்று ஊதல் என்றால் உதவி. குழந்தைக்கு மூன்றே எளிது. கத்திக் கத்தித் தொண்டை போய்விடும், விசில் போகாது.

இந்தப் பாடத்தில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது பொருளே இல்லாத ஒரு பகுதி. 'நீ தொலைந்துபோனதற்காக அப்பா அம்மா கோபப்பட மாட்டார்கள்' என்று குழந்தையிடம் முன்பே சொல்லிவைக்கச் சொல்கிறார்கள். ஏனென்றால் திட்டு விழும் என்று பயந்தும், தெரியாதவர்கள் கூப்பிட்டால் போகக்கூடாது என்று சொன்னது ஞாபகம் வந்தும், குழந்தைகள் தேடுபவர்களிடமிருந்தே ஒளிந்துகொள்வது உண்டு. 2005 ஜூனில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் காணாமல்போன 11 வயதுச் சிறுவன் நான்காம் நாள் உயிரோடு கிடைத்தான். தேடியவர்களைப் பார்த்தும் ஒதுங்கியே போயிருக்கிறான். அந்நியரோடு பேசாதே என்று வீட்டில் சொல்லிக்கொடுத்ததைக் காப்பாற்றியிருக்கிறான்! நம் வீட்டுப் பிள்ளைகளும் இப்படித்தானே வளர்கிறார்கள். அதனால் 'உன் பேரைச் சொல்லிக் கூப்பிட்டுத் தேடி வந்தா, பதில் குரல் குடு' என்று தனியாகச் சொல்லத்தான் வேண்டும்.

இன்னொன்று, செலவே இல்லாதது. கிளம்பும் முன் மடித்த துண்டின் மேல் அலுமினியத் தாளை விரித்து, ஷூ போட்ட காலால் குழந்தையை மிதிக்கச் சொல்லுங்கள். அடித்தடம் அப்படியே பதியும். பேர் எழுதி காரிலோ வீட்டிலோ வையுங்கள். நூறு பேர் நடந்த மண்ணில் எந்தத் தடம் நம் பிள்ளையுடையது என்று தேடுபவருக்கு அது சொல்லும்.

இப்போது செயற்கைக்கோள் இருக்கே என்று கேட்கலாம். கோஸ்பாஸ்-சார்சாட் அமைப்பின் உதவியால் முதல் மீட்பு 1982 செப்டம்பரில் நடந்தது. தனிநபர் அவசர ஒலிபரப்பிகளை அமெரிக்கா நாடு முழுக்க அனுமதித்தது 2003-ல். பெரிய வரம்தான். ஆனால் இந்தியாவில் அனுமதி இல்லாமல் செயற்கைக்கோள் போன் வைத்திருப்பது குற்றம். வெளிநாட்டிலிருந்து கொண்டுவருபவர்கள் இதில் மாட்டிக்கொள்கிறார்கள். அதோடு, கருவி அப்பா கையில் இருந்தால் உதவி வருவது அப்பா நிற்கும் இடத்துக்குத்தான். பழைய சிக்கல் அப்படியேதான் இருக்கிறது.

ஆகவே பையை இரண்டாகப் பிரிக்கலாம் என்பது என் முடிவு. பெரியவர் முதுகில் அந்தப் பத்துத் தேவைகளும் இருக்கட்டும். மருந்து, கத்தி, தீப்பெட்டி அங்கேதான் இருக்க வேண்டும். குழந்தையிடம் கழுத்தில் விசில், பாக்கெட்டில் ஓட்டை வெட்டிய பளிச்சென்ற பை, ஒரு சின்னத் தண்ணீர் பாட்டில், கடலை மிட்டாய். இதைக் குழந்தையின் பையில் கூட அல்ல, உடம்பிலேயே வைக்க வேண்டும். விளையாடும்போது பையைத்தான் முதலில் கழற்றிப் போடுவார்கள். எடை கால் கிலோவைத் தாண்டினால் தண்ணீரைக் குறையுங்கள், விசிலை எடுக்காதீர்கள்.

கடைசியாக, வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு மரத்தைக் காட்டி ஒருமுறை ஒத்திகை பாருங்கள். உட்காரு, ஊது, கூப்பிட்டா பதில் சொல்லு. பத்து நிமிஷம்கூட ஆகாது.